துருவை உரிக்கும் மணல் தாரை

காற்று பலமாக வீசும் நாளில் கடற்கரையில் நடந்திருக்கிறீர்களா? கணுக்காலில் மணல் ஊசிபோல் சுருக்கென்று குத்தும். முகத்தில் அவ்வளவாகப் படாது. காரணம் என்ன? மணல் மணிகள் தூசியைப் போலக் காற்றில் மிதப்பதில்லை; தவளையைப் போலத் தத்தித் தத்திச் செல்கின்றன. பெரும்பாலானவை தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் எழும்புவதில்லை. பாலைவனத்தில் சில பாறைகள் அடிப்பகுதியில் அதிகமாகத் தேய்ந்து, காளான் வடிவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் செய்யும் இந்த வேலையைச் சில நிமிடங்களில் செய்துவிட முடியுமா? முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்மன். நீராவி அல்லது காற்றின் தாரையில் மணலைக் கலந்து வேகமாக வீசும் முறைக்கு அவர் 1870-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கண்ணாடியில் பூவேலை செய்யவும், கல்லில் எழுத்துப் பொறிக்கவும், வார்ப்பட இரும்பைச் சுத்தம் செய்யவும் அது பயன்பட்டது. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய கார்களைப் புதுப்பிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், அந்தக் கருவியின் சிறிய வடிவத்தைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்திருக்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று பார்ப்போம்.

துரு ஒளியும் இடம்

ஜெர்மனியில் பிறந்த வோக்ஸ்வாகன் ‘பீட்டில்’ காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வண்டு போன்ற உருவம். அதன் பாட்டரி பின் இருக்கைக்கு அடியில், தரைத் தகட்டின்மேல் இருக்கும். பாட்டரியிலிருந்து கசியும் அமிலமும் ஈரமும் சேர்ந்து அந்த இடத்தை அரித்துவிடும். பழைய பீட்டிலைப் புதுப்பிக்க விரும்புகிறவர் முதலில் இருக்கையைத் தூக்கி அந்தத் தரைத் தகட்டைத்தான் பார்ப்பார்.

இரும்பு துருவாகும்போது பருமன் கூடுகிறது. துரு இரும்பைப் போல் கெட்டியாக இல்லாமல் பொருபொருவென்று இருப்பதால், அதன் இடுக்குகள் வழியே ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே புகுந்து அடுத்த அடுக்கையும் அரிக்கின்றன. மேலே பெயின்ட் பூசி மூடிவிட்டால் துரு நின்றுவிடாது. பெயின்டுக்கு அடியில் அது வளர்ந்து, கொப்புளம் போலப் பெயின்டைத் தூக்கிவிடும்.

உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் போதாதா? மேடுகளில் உள்ள துரு போகும். ஊசிமுனை அளவுள்ள குழிகளில் உள்ள துரு போகாது. தாள் மேட்டின் மேலேயே சறுக்கிச் செல்லும். அரை மில்லிமீட்டர் மணலோ குழிக்குள்ளும் சென்று தாக்கும். அது மட்டுமல்ல, தகட்டின் மேற்பரப்பையும் நுண்ணிய மேடுபள்ளங்களாக்கிவிடும். வழவழப்பான தகட்டைவிட இப்படிச் சொரசொரப்பான தகட்டில்தான் பிரைமர் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு சிறு கணக்கு

அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மணல் மணியின் எடை ஏறத்தாழ 0.17 மில்லிகிராம். இவ்வளவு சிறியது துருவை எப்படி உடைக்கிறது? இயக்க ஆற்றல் நிறையின் பாதியையும் திசைவேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவது என்று படித்திருக்கிறீர்கள். கடற்கரையில் உங்கள் காலில் பட்ட மணி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கருவியிலிருந்து வரும் மணி நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வந்தால், வேகம் 20 மடங்கு. ஆற்றலோ 400 மடங்கு!

அப்படியும் ஒரு மணியின் ஆற்றல் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது முழுவதும் மணியின் ஒரு கூர்மூலை படும் மிகச் சிறிய பரப்பில் இறங்குகிறது. மேலும் ஒரு கிலோ மணலில் ஏறத்தாழ 58 லட்சம் மணிகள் உள்ளன. நிமிடத்துக்கு ஒரு கிலோ வீதம் வீசினால், நொடிக்கு ஒரு லட்சம் அடிகள் தகட்டின்மேல் விழும்!

துருவும் காய்ந்த பெயின்டும் நொறுங்கும் தன்மை உடையவை. அடி விழுந்ததும் விரிசல் விட்டுச் சிதறுகின்றன. எஃகு அப்படி நொறுங்காது. சற்றே நசுங்கிக் கொடுக்கும். ரப்பர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடியை வாங்கி, மணியைத் திருப்பி எறிந்துவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. கல்லில் எழுத்துப் பொறிப்பவர்கள் எழுத்து வடிவில் வெட்டிய ரப்பர் தாளைக் கல்லின்மேல் ஒட்டி மணலை வீசுவார்கள். கடினமான கல் குழிந்துவிடும். மென்மையான ரப்பர் தப்பித்துவிடும்!

காற்று எவ்வளவு வேண்டும்?

வீட்டுக் கருவியில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பைப் போன்றது. கம்பிரசரிலிருந்து வரும் காற்று துப்பாக்கிக்குள் குறுகிய துளை வழியே பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம், வாளியிலுள்ள மணலைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. இரண்டாவது வகையில், மூடிய உருளைக்குள் மணலும் அழுத்தப்பட்ட காற்றும் சேர்ந்தே இருக்கும். இதில் மணலின் வேகமும் அதிகம், வேலையும் விரைவு. சிறு பாகங்களுக்குக் கண்ணாடி ஜன்னலும் ரப்பர் கையுறையும் பொருத்திய மூடிய பெட்டி இருக்கிறது. கையுறைக்குள் கைவிட்டு வேலை செய்தால் தூசி வெளியே வராது.

புதிதாகக் கருவி வாங்குகிறவர்கள் ஏமாறுவது துப்பாக்கியில் அல்ல, கம்பிரசரில். சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தத்தில், 3 மி.மீ. துளை நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 லிட்டர் காற்றைக் குடிக்கும். துளையை 6 மி.மீ. ஆக்கினால் 1000 லிட்டர் போதுமா? போதாது, 2000 லிட்டர் வேண்டும். விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் அல்லவா? ஒரு குதிரைத்திறன் உள்ள கம்பிரசர் தருவது நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர்தான். ஆக, 3 மி.மீ. துளைக்கே 5 குதிரைத்திறன் தேவை. சிறிய கம்பிரசரை வைத்துக்கொண்டால் ஒரு நிமிடம் வேலை, பல நிமிடம் காத்திருப்பு என்று பொழுது போய்விடும். துளையும் மணலால் தேய்ந்து நாளடைவில் பெரிதாகும். ஆகவே, துளையின் முனையை டங்ஸ்டன் கார்பைடு போன்ற மிகக் கடினமான பொருளால் செய்கிறார்கள்.

இன்னொரு தொல்லை தண்ணீர். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், அதில் 18 கிராம் இருக்கும். இத்தகைய காற்று 7 கன மீட்டரை ஒரு கன மீட்டராக அமுக்கினால் 126 கிராம் நீராவி ஓரிடத்தில் சேரும். காற்று குளிர்ந்ததும் 30 கிராம் போக மீதி 96 கிராம் நீராகிவிடும். நம் 3 மி.மீ. துளை ஒரு மணி நேரம் வேலை செய்தால், 400 கிராமுக்கு மேல், அதாவது இரண்டு தம்ளர் தண்ணீர் சேர்ந்துவிடும்! அது மணலில் கலந்தால் மணல் கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும். தகட்டில் பட்டால் போன துரு திரும்பி வரும். எனவே, காற்று துப்பாக்கியை அடையுமுன் நீரைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி அவசியம்.

தகடு ஏன் நெளிகிறது?

தடித்த அச்சுச் சட்டத்தில் துணிந்து மணலை வீசலாம். கதவு, கூரை போன்ற மெல்லிய, தட்டையான தகட்டில் வீசினால் அது அலை அலையாக நெளிந்துவிடக்கூடும். சூட்டினால் நெளிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான முதன்மைக் காரணம் வேறு. ஒவ்வொரு மணியும் ஒரு சிறு சுத்தியல். லட்சக்கணக்கான சுத்தியல்கள் மேற்பரப்பைத் தட்டும்போது அந்தத் தோல் மட்டும் நீள முயல்கிறது. அடியிலுள்ள உலோகம் நீளவில்லை. இரண்டும் இழுத்துப் பிடிப்பதால், அடிபட்ட பக்கம் மேடாகும்படி தகடு வளைகிறது.

ஒரு மெல்லிய இரும்புப் பட்டையைப் பட்டறைக் கல்லின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஒரே பக்கத்தில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். அது வில்போல் வளைவதைக் காணலாம். இந்த விளைவைப் பயன்படுத்தி, எஃகுக் குண்டுகளால் அடித்து விமானப் பாகங்களையும் வில் சுருள்களையும் உறுதியாக்குகிறார்கள். ஆனால் கார் கதவுக்கு இது கேடு. ஆகவே, அனுபவசாலிகள் தட்டையான தகட்டுக்கு மென்மையான பொருளைத் தேர்ந்து, அழுத்தத்தைக் குறைத்து, சாய்வாகப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் வீசுகிறார்கள்.

வால்நட் கொட்டையின் ஓட்டுத்தூள், பிளாஸ்டிக் மணி, சமையல் சோடா ஆகியவை இத்தகைய மென்மையான பொருள்கள். நியூயார்க்கில் உள்ள சுதந்திர தேவி சிலை 1980-களில் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் செப்புத் தகட்டின் உட்புறத்திலிருந்த தாரைச் சமையல் சோடாவை வீசித்தான் அகற்றினார்கள். அந்தத் தகட்டின் தடிமன் ஏறத்தாழ 2.4 மி.மீ. மட்டுமே. மணலை வீசியிருந்தால் செம்பும் தேய்ந்துபோயிருக்கும்.

மணல் வேண்டாம்!

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருவோம். கருவியின் பெயரில் மணல் இருக்கிறது. ஆனால் அதில் மணலைப் போடக் கூடாது!

சாதாரண மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் எனப்படும் சிலிக்கா. தகட்டில் மோதியதும் மணி நொறுங்குகிறது. அதில் 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் ஏராளமாக உண்டாகின்றன. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இத்துகள்கள் மூக்கின் மயிரிழைகளுக்கும் தொண்டையின் சளிக்கும் தப்பி, நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்றுவிடும். அங்குள்ள காவல் அணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் தாமே மடிகின்றன. வெளிப்பட்ட துகளை வேறோர் அணு விழுங்கி மடிகிறது. இப்படியே புண்ணும் தழும்பும் பெருகி நுரையீரல் இறுகிவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். இறுகிய பகுதியைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. வேலையை நிறுத்திய பின்னும் நோய் வளரக்கூடும்.

துப்பாக்கியை நிறுத்தியதும் தூசி அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் மணல் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். 5 மைக்ரான் துகளுக்கு 12 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ அசையாத காற்றிலும் ஏறத்தாழ 5 மணி நேரம் வேண்டும்! கண்ணுக்குத் தெரியாமல் அது கொட்டகையில் மிதந்துகொண்டே இருக்கும். வாயில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது.

இங்கிலாந்து 1949-ஆம் ஆண்டு விதிகளின் மூலம், வார்ப்படங்கள் முதலியவற்றைச் சுத்தம் செய்ய மணலை வீசுவதைத் தடை செய்தது. அமெரிக்கத் தொழில்நலக் கழகம் 1974-இல் இதே பரிந்துரையைச் செய்தது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவுக்குப் பின்னும், ஜீன்ஸ் துணி பழையதுபோல் வெளுத்துத் தோன்ற வேண்டும் என்பதற்காகத் துருக்கியில் அதன்மேல் மணலை வீசினார்கள். அந்த வேலையைச் செய்த இளைஞர்கள் பலர் நோயுற்று மாண்டனர். 2009-இல் துருக்கி அரசு அதைத் தடை செய்தது.

மணலுக்குப் பதில் அலுமினியம் ஆக்சைடு, கார்னெட் போன்றவை இருக்கின்றன. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கார்னெட் ஏறத்தாழ அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல். அலுமினியம் ஆக்சைடு 9. கார்னெட்டிலும் சிலிக்கான் உண்டு. ஆனால் அது பிற தனிமங்களோடு பிணைந்து வேறு கனிமமாக இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளில் காணும் செந்நிற மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. இவ்வேலைக்காக அது வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியானது. கடற்கரையிலிருந்து கனிம மணல் அள்ளுவதற்குத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்தது.

மாற்றுப் பொருளைப் போட்டாலும் ஆபத்து முழுவதும் நீங்காது. பழைய கார்களின் பெயின்டில் ஈயச் சேர்மங்கள் இருக்கலாம். பள்ளங்களை ஈயம் கொண்டு நிரப்பியிருக்கலாம். பழைய பிரேக் பாகங்களில் கல்நார் இருக்கும். அவற்றின்மேல் எதையும் வீசவே கூடாது. வேலை செய்பவர் தலை முழுவதையும் மூடி, குழாய் மூலம் தூய காற்று வரும் கவசம் அணிய வேண்டும். அழுத்தம் உள்ளபோது உருளையைத் திறக்கக் கூடாது. துப்பாக்கியை யார் பக்கமும் திருப்பக் கூடாது. இது பெரியவர்கள் பயிற்சி பெற்றுச் செய்யும் வேலை. நீங்கள் கிட்டே நின்று வேடிக்கை பார்ப்பதும் தவறு.

வேலை முடிந்த தகடு சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். அதை வெறும் கையால் தொடக் கூடாது. வியர்வையின் உப்பு பட்ட இடம் துருப்பிடிக்கும். காற்றின் ஈரமே சில மணி நேரத்தில் அதைப் பழுப்பாக்கிவிடும். ஆகவே, தூசியை ஊதித் துடைத்து, அன்றே பிரைமர் பூசிவிடுவார்கள்.

நீங்கள் ஆபத்தின்றிச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் சிறிது மணலையும் களிமண்ணையும் போட்டுக் கலக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மணல் எப்போது அடியில் சேர்ந்தது? நீர் எப்போது தெளிந்தது? இரண்டு நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லுடைக்கும் ஆலையிலோ, தரைக்கல் அறுக்கும் பட்டறையிலோ வேலை செய்பவர் எவராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தத் தம்ளரை அவரிடம் காட்டி, காற்றிலும் இப்படித்தான் நடக்கிறது என்று சொல்லுங்கள்.