தண்ணீரில் நின்றும் தாகம்

ஆசையாக வாங்கி வந்த ரோஜா மறுநாள் காலையில் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. ஜாடியில் தண்ணீருக்குக் குறைவில்லை. கடைக்காரர் பழைய பூவைத் தள்ளிவிட்டார் என்று அவரைத் திட்டுகிறோம். பல நேரம் குற்றவாளி அவரல்ல. காம்புக்குள் புகுந்த காற்று.

செடியில் இருக்கும்போது இலைகள் நீரை ஆவியாக விட விட, சைலம் என்னும் நுண்குழாய்கள் வழியே தண்ணீர் அறுபடாத இழையாக மேலே இழுபடுகிறது. 1894-ல் டப்ளினில் அறிவியலாளர்கள் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. காம்பை வெட்டியதும் இழுத்துக் கட்டிய அந்த இழை அறுந்து உள்வாங்க, பின்னாலேயே காற்று நுழைந்து வழியை அடைக்கிறது.

ஜப்பானின் இகெபானா கலைஞர்கள் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அங்கேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டுவது. பெயர் மிசுகிரி. காற்றுக்குப் பதில் தண்ணீரே உள்ளே போகும். இதற்குக் கூரான கத்தியோ கவாத்துக் கத்தரியோ வேண்டும். மழுங்கிய கத்தரி குழாய்களை நசுக்கிவிடும். காம்பைச் சுத்தியலால் தட்டி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். சாய்த்து வெட்டினால் பூ அதிகம் குடிக்கும் என்பார்கள். குழாய்களின் எண்ணிக்கை என்னவோ அதேதான். நுனி ஜாடியின் அடியில் அப்பி அடைபடாது, லாபம் அவ்வளவே.

அடுத்த எதிரி பாக்டீரியா. நீரில் மூழ்கும் இலைகள் அழுகி அதை வளர்க்கும், அது குழாயை அடைக்கும். அதனால் நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக்கூடாது. சர்க்கரை மட்டும் போட்டால் பூவோடு பாக்டீரியாவும் விருந்து சாப்பிடும். கடையில் விற்கும் பூ உணவுப் பொடியில் சர்க்கரையோடு அமிலமும் கிருமிக்கொல்லியும் சேர்ந்திருப்பது அதற்காகத்தான்.

பூவை நிறுத்திப் பிடிக்க இரண்டு கருவிகள். ஒன்று கென்சான்: கனத்த ஈயத் தட்டில் நெருக்கமாகப் பித்தளை ஊசிகள். பெயருக்கு ‘வாள்மலை’ என்று பொருள். கழுவிக் கழுவி ஆயுள் முழுக்கப் பயன்படுத்தலாம். மற்றொன்று 1954-ல் அமெரிக்காவில் ஸ்மித்தர்ஸ் என்பவர் கொண்டுவந்த பச்சை நுரைக்கட்டி. அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக மூழ்க விடவேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் நடுவில் காற்று தங்கிவிடும், அங்கே குத்திய காம்பு காய்ந்து போகும். கல்யாண மேடைக்கு வசதிதான், ஆனால் ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக். மக்காது, நுண்துகளாக உதிரும். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021-ல் தன் கண்காட்சிகளில் இதற்குத் தடை விதித்தது. கென்சான்தான் என் கட்சி.

ஜாடியை வாழைப்பழச் சீப்புக்கு அருகில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுவில் கார்னேஷன் சீக்கிரமே சுருண்டுவிடும்.

தலை தொங்கிய ரோஜாவைக் குப்பையில் போடும் முன் ஒரு முயற்சி செய்யலாம். அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான நீர் விட்டு, உள்ளேயே நுனியை வெட்டி, பூ, இலை, காம்பு எல்லாம் மூழ்கும்படி படுக்க வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால், அநேகமாகக் கழுத்து நிமிர்ந்திருக்கும்.