சிறுநாட்டின் உயர்கல்வியும் அரசின் மொழிக்கொள்கையும்

உயர்கல்விச் சீர்திருத்தம் பல்கலைக்கழகத்தினுள்ளேயே தோன்றி முடிவதன்று. ஆட்சியாளர் வகுக்கும் கொள்கை அதன் போக்கினை வரையறுக்கின்றது. சிறிய நாடுகளில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். ஏறத்தாழ 13 இலக்கம் மக்கள் வாழும் எசுத்தோனியாவைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

அந்நாட்டின் தார்த்துப் பல்கலைக்கழகம் 1632-ஆம் ஆண்டில் சுவீடன் மன்னரால் நிறுவப்பெற்றது. அன்று பயிற்றுமொழி இலத்தீன். இடையில் மூடப்பட்டு 1802-இல் மீண்டும் திறக்கப்பெற்றபோது செருமன் மொழியும், அந்நூற்றாண்டின் இறுதியில் உருசிய மொழியும் அவ்விடத்தைப் பெற்றன. மண்ணின் மொழிக்கோ 1803 முதல் ஒரு விரிவுரையாளர் பதவியே வாய்த்தது.

1918-இல் நாடு தன் விடுதலையை அறிவித்தது. மறு ஆண்டு திசம்பர் 1-ஆம் நாள் தார்த்து எசுத்தோனிய மொழிப் பல்கலைக்கழகமாகத் திறக்கப்பெற்றது. கொள்கை விரைவில் அமைந்தது. ஆசிரியரும் கலைச்சொல்லும் அவ்வாறு அமையவில்லை. பின்லாந்து, சுவீடன் நாட்டறிஞர் வரவழைக்கப்பெற்றனர். தொடக்கத்தில் பல பாடங்கள் பிறமொழிகளிலேயே நிகழ்ந்தன. வெசுக்கி முதலிய மொழியறிஞர் துறைதோறும் கலைச்சொல் வகுத்தனர்.

சோவியத்து ஆட்சியிலும் வகுப்பறையில் எசுத்தோனியம் பெரிதும் நிலைத்தது. ஆனால், 1970-களின் நடுவில், ஆய்வேடுகள் உருசிய மொழியில் அமைதல் வேண்டும் என்னும் விதி வந்தது. பயிற்றுமொழி ஒன்று, ஆய்வுமொழி மற்றொன்று என்னும் நிலை தோன்றியது.

நாடு மீண்டும் விடுதலை பெற்றது 1991-இல். 2013-இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் கட்டணத்தையும் மொழியையும் பிணைத்தது. முன்னர், அரசு செலவில் பயில்வோர், தம் செலவில் பயில்வோர் என இருசாரார் இருந்தனர். புதிய முறையில், எசுத்தோனிய மொழிவழி நிறைநேரமாகப் பயின்று உரிய பாட அளவினை முடிப்போர்க்குக் கட்டணம் இல்லை. பிறமொழிவழிப் படிப்பிற்குக் கட்டணம் பெறலாம். நிதியே மொழிகாக்கும் கருவியாயிற்று.

எனினும், இற்றைநாளில் முனைவர் பட்ட ஆய்வேடுகளுள் பெரும்பாலன ஆங்கிலத்தில் எழுதப்பெறுகின்றன. இதற்கு ஆணை ஏதுமில்லை. உலக அறிஞர் படித்தல் வேண்டும் என்னும் விருப்பமும், பன்னாட்டு இதழ்களுக்குள்ள மதிப்புமே காரணமாம். அன்று ஆணை பிரித்ததனை இன்று வழக்கம் பிரிக்கின்றது.

கட்டணச் சலுகை மாணவனை வகுப்பிற்குக் கொணரும். ஆனால், ஆய்வு தாய்மொழியில் எழுதப்பெறாவிடின், நாளைய பாடநூல்களுக்குக் கலைச்சொல் எங்கிருந்து கிடைக்கும்? தமிழ்வழி உயர்கல்வியை ஆராயும் நாமும், பயிற்றுமொழியோடு ஆய்வுமொழியையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் கடன்.