டிஸ்னி வேர்ல்டில் சாப்பிட அறுபது நாள் முன்னாடியே இடம் பிடிக்கணுமா?

ஆர்லாண்டோவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஃபிளைட், ஹோட்டல் பற்றிக் கேட்பதற்கு முன்பே ஒரு அறிவுரை வந்து விழும்: "ரெஸ்டாரன்ட் எல்லாம் அறுபது நாள் முன்னாடியே புக் பண்ணிடுங்க, இல்லைன்னா ஒண்ணும் கிடைக்காது." முதலில் சிரிப்பு வரும். அப்புறம் பயம் வரும். பயத்தில் அஞ்சு நாள் பயணத்துக்கு எட்டு இடத்தில் டேபிள் பிடித்து வைப்பார்கள். பயணம் முழுக்க அந்த எட்டு நேரங்களுக்கு ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

நண்பர்கள் என்னிடம் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்பதால், பதிவு முறை எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். சுருக்கமாகச் சொன்னால்: அஞ்சு நாள் பயணத்துக்கு ஒரு முன்பதிவு, மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஏன் என்பதுதான் முக்கியம். காரணம் புரிந்தால் உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்வீர்கள்.

தட்டுப்பாடு எங்கே இருக்கிறது

டிஸ்னி வேர்ல்டில் நான்கு தீம் பார்க்குகள்: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம். இங்கே சாப்பாட்டுக் கடைகள் இரண்டு வகை. உட்கார்ந்தால் பரிமாறும் டேபிள் சர்வீஸ் ஒன்று. கவுன்ட்டரில் வாங்கி, இடம் தேடி உட்கார்ந்து சாப்பிடுவது இன்னொன்று. கவுன்ட்டர் கடைகளுக்கு இந்த அறுபது நாள் விவகாரம் கிடையாது. ஆக "ஒண்ணும் கிடைக்காது" என்பது உண்மையில்லை. தட்டுப்பாடு முதல் வகையில், அதிலும் சில இடங்களில் மட்டும்தான்.

எந்த இடங்கள் என்பதற்கு ஒரு கணக்கு. மேஜிக் கிங்டத்துக்கு 2023-இல் வந்தவர்கள் சுமார் 1 கோடியே 77 லட்சம் பேர் என்பது துறை மதிப்பீடு. ஒரு நாளைக்குச் சராசரியாக 48,000 பேர். அந்தப் பார்க்கின் நடுவில் நிற்கும் சிண்ட்ரெல்லா கோட்டைக்குள்ளேயே ஒரு உணவகம் இருக்கிறது, சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள். அதில் இருக்கைகள் 200-க்கும் குறைவு. காலை எட்டு முதல் இரவு பத்து வரை ஒரு நிமிஷம்கூட விடாமல் நிரம்பியிருந்து, ஒரு பந்திக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால்கூட, ஒன்பது பந்திதான் வரும். 1,800 பேர். அதாவது பார்க்குக்குள் வரும் நூறு பேரில் நாலு பேர்கூட இல்லை. ஆனால் இளவரசி கனவோடு வரும் குழந்தைகள் நூற்றுக்கு நாலு மட்டுமா?

எப்காட்டில் 2021-இல் திறந்த ஸ்பேஸ் 220-இல், விண்வெளி நிலையத்திலிருந்து பூமியைப் பார்த்தபடி சாப்பிடுவது போன்ற ஏற்பாடு. ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ஓகாஸ் கான்டினா, ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் மதுக்கடை மாதிரி. இவற்றுக்கெல்லாம் கிராக்கி அறைக்குத்தான், சாப்பாட்டுக்கு இல்லை. சாப்பாட்டை இன்னொரு கடையிலும் சமைக்கலாம். கோட்டை ஒன்றுதான் இருக்கிறது. சாப்பாட்டுக்காக மட்டும் ஒரு இடத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், அதற்கு மாற்று பக்கத்திலேயே இருக்கும்.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, டிஸ்னியின் முன்பதிவு கிட்டத்தட்ட அதேதான். பெரும்பாலான உணவகங்களில் பதிவு செய்யும்போது பணம் கட்ட வேண்டாம், கார்டு எண் கொடுத்தால் போதும். வராமல் விட்டாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ ஆளுக்கு 10 டாலர் பிடிப்பார்கள். இந்தக் "கடைசி நேரம்" முன்பு ஒரு நாளாக இருந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில் இரண்டு மணி நேரம். அதற்கு முன்பு ரத்து செய்தால் ஒரு காசு செலவில்லை.

துண்டு போடுவது இலவசம் என்றால் எல்லோரும் நாலு சீட்டில் போடுவார்கள். அதனால்தான் அறுபதாம் நாள் காலையில் எல்லாம் நிரம்பியதாகத் தெரிகிறது. அத்தனையும் சாப்பிட வருகிறவர்கள் இல்லை. பாதி முடிவெடுக்காதவர்களும் அதில் உண்டு.

2020-க்கு முன்பு இந்த அறுபது நாள், 180 நாளாக இருந்தது. ஆறு மாசம் கழித்து செவ்வாய்க்கிழமை ராத்திரி என்ன சாப்பிடுவோம் என்று முடிவு செய்யவேண்டிய நிலை. எவ்வளவு முன்னால் பதிவு செய்கிறோமோ அவ்வளவு ரத்தாகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. இந்திய ரயில்வே 2024 நவம்பரில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது சொன்ன காரணம் இதுதான்: 61 முதல் 120 நாள் முன்பு எடுத்த டிக்கெட்டுகளில் சுமார் 21 சதவீதம் ரத்தானது. ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் கொஞ்சம் போகும். பணமே போகாத இடத்தில் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள விஷயம் கிடைக்கிறது. டேபிள் கிடைக்க நல்ல நேரம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று அறுபதாம் நாள். இன்னொன்று கடைசி இரண்டு நாள், குறிப்பாக அன்றைக்கே, ரத்து செய்யும் கெடு முடிவதற்குச் சற்று முன்பு. பலரும் அப்போதுதான் துண்டை எடுக்கிறார்கள். இரவு ஏழு மணிக்குச் சாப்பிட ஆசை என்றால், மதியம் நாலு மணியிலிருந்து ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை இல்லை. இடையில் இருக்கும் ஐம்பது சொச்ச நாள்தான் ரொம்ப வறட்சியான காலம். அந்தச் சமயத்தில் தேடுகிறவர்கள்தான் "ஒண்ணும் கிடைக்கலை" என்று சோர்ந்துபோகிறார்கள்.

முன்பதிவுக்கும் ஒரு விலை உண்டு

பணம் இல்லை, நேரம். ஒரு நாள் பார்க் டிக்கெட் ஆளுக்கு 100 டாலருக்கு மேல். 150 என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரம் உள்ளே இருப்பீர்கள். ஒரு டேபிள் சாப்பாட்டுக்கு நடந்து போக, பெயர் கொடுத்துக் காத்திருக்க, சாப்பிட்டு பில் கொடுத்து வெளியே வர இரண்டு மணி நேரம். நாளில் ஆறில் ஒரு பங்கு, டிக்கெட்டில் 25 டாலர். சாப்பாட்டு பில் தனி. பதிவு நேரத்துக்குப் போனால் உடனே உட்காரலாம் என்றும் கிடையாது. உங்களுக்கென்று ஒரு மேசை காலியாக வைத்திருப்பதில்லை, அடுத்து காலியாகும் மேசை உங்களுக்கு. பத்துப் பதினைந்து நிமிஷம் சாதாரணம். டோக்கியோ டிஸ்னியில் இதை நேர்மையாக "முன்னுரிமை இருக்கை" என்றே சொல்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் முடிவுகளின் வரிசை. உணவகம் அறுபது நாள் முன்பு. ரைடுகளில் வரிசையைத் தாண்டிப் போக உதவும் லைட்னிங் லேன், டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு ஏழு நாள் முன்பு, மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்பு. ஃபுளோரிடாவின் கோடைக்கால இடிமழை எப்போது கொட்டும் என்பது அன்றைக்கு மதியம்தான் தெரியும். குழந்தை எப்போது தூங்கும் என்பது அந்தக் குழந்தைக்கே தெரியாது. ஆக, நமக்கு எதுவுமே தெரியாத நேரத்தில் சாப்பாட்டு நேரத்தை முதலில் ஆணி அடிக்கிறோம். மிச்சமெல்லாம் அந்த ஆணியைச் சுற்றித்தான் நடக்கணும். ஒரு நாளைக்கு ஒரு ஆணி தாங்கும். மூன்று அடித்தால் பயணம் ஆபீஸ் காலண்டர் மாதிரி ஆகிவிடும்.

யாருக்கு அவசியம் வேண்டும்

நான் மூன்று கேள்வி கேட்பேன்.

முதல் கேள்வி: இது கிடைக்காவிட்டால் வீட்டில் யாராவது அழுவார்களா? கோட்டைக்குள் சாப்பிட வேண்டும் என்று ஆறு வயசுக் குழந்தை சொல்லிக்கொண்டிருந்தால், அறுபதாம் நாள் புக் பண்ணுங்கள். மிக்கியோ இளவரசியோ மேசைக்கே வரும் சாப்பாட்டில் ஒரு லாபமும் உண்டு: போட்டோவுக்காக வெயிலில் தனியாக வரிசை நிற்க வேண்டாம். ஆனால் கோட்டையில் ஆளுக்கு 60 டாலருக்கு மேல். விலை நிர்ணயிக்கப்பட்டது, சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கும் அதே விலைதான். பத்து வயசு ஆனால் பெரியவர் கணக்கு. பார்க்குக்குள் இருக்கும் உணவகத்துக்குப் பதிவு இருந்தாலும், உள்ளே போகப் பார்க் டிக்கெட் தனியாக வேண்டும்.

இரண்டாவது: எத்தனை பேர்? நாலு பேருக்கு மேசை எப்படியாவது அமையும். எட்டுப் பேர் உட்காரும் மேசை எந்தக் கடையிலும் கொஞ்சம்தான். இரண்டு குடும்பம் சேர்ந்து போகிறீர்கள், ஒன்றாக உட்கார வேண்டும் என்றால் பதிவு செய்வது நல்லது.

மூன்றாவது: நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டியவர்கள் கூட வருகிறார்களா? அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போதுதான் ஆர்லாண்டோ போகிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை "இன்னும் ஒரு ரைடு" என்று இரண்டு மணி வரை நிறுத்திவைக்க முடியாது. ஏசி அறையில் ஒன்றரை மணி நேரம் காலை நீட்டி உட்காருவது அவர்களுக்கு நேர விரயம் இல்லை, அதுதான் அந்த நாளைக் காப்பாற்றுகிறது. மேலே போட்ட 25 டாலர் கணக்கு இங்கே அப்படியே தலைகீழாகிவிடும்.

மூன்றுக்கும் பதில் "இல்லை" என்றால், பதிவே இல்லாமல் நிம்மதியாகப் போகலாம்.

பதிவு இல்லாதவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள்

கவுன்ட்டர் கடைகளில் ஆப்பிலேயே ஆர்டர் பண்ணலாம். வந்து வாங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, கடை அருகே போனதும் "வந்துவிட்டேன்" என்று தட்டினால் சமைக்கத் தொடங்குவார்கள். மதியம் பன்னிரண்டரைக்குப் பசித்த பிறகு திறந்தால் கிடைக்கும் நேரம் தள்ளித்தான் இருக்கும். காலையில் ரைடு வரிசையில் நிற்கும்போதே மதியத்துக்குப் போட்டுவிடுங்கள்.

2019-லிருந்து மெனுக்களில் பச்சை இலைக் குறி போட ஆரம்பித்தார்கள். இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லை என்று அர்த்தம். முட்டைகூட வேண்டாம் என்கிறவர்கள் அதைப் பார்த்தால் போதும். அனிமல் கிங்டத்தின் சதூலி கேன்டீனில் சோற்றின் மேல் டோஃபு போட்டுக் கொடுக்கும் கிண்ணச் சாப்பாடு நம் வாய்க்கு ஒத்துவரும்.

டேபிள் சர்வீஸ்தான் வேண்டும் என்றால், பல இடங்களில் அன்றைக்கே ஆப்பில் காத்திருப்போர் பட்டியலில் சேரலாம். மதியம் மூன்று மணிக்குக் கேட்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, ஒரு மணிக்குக் கேட்பவருக்கு இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: வெளிச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சுட வைக்கத் தேவைப்படும் பொருளாக இருக்கக் கூடாது. புளியோதரைக்கு இதைவிட ஏற்ற விதி எழுத முடியாது. குடிக்க ஐஸ் தண்ணீர் கவுன்ட்டர் கடைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

என் திட்டம் இப்படி இருக்கும்

டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. செக்-இன் தேதிக்கு அறுபது நாள் முன்பே, தங்கும் நாள் முழுவதற்கும், பத்து நாள் வரை, ஒரேயடியாகப் பதிவு செய்யலாம். அதாவது பயணத்தின் ஐந்தாம் நாளுக்கு 64 நாள் முன்பே கை வைக்கிறீர்கள். வெளியே தங்குபவர்கள் அந்தத் தேதியைத் தொடவே இன்னும் நாலு நாள் ஆகும். அதனால் கிடைக்காத இடத்தைக் கடைசி நாளுக்குத் தேடுங்கள். ஆன்லைன் பதிவு ஃபுளோரிடா நேரம் காலை ஆறு மணி வாக்கில் திறக்கும். சென்னையில் அது பிற்பகல் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை.

அந்த ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்றால் சனா. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஹோட்டலில் இருக்கிறது, பார்க் டிக்கெட் தேவையில்லை. ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய வாசனை. நான் போன்ற ஐந்து வகை ரொட்டிக்கு ஒன்பது வகைத் தொடுகறி, ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி. பார்க்குக்குப் போகாத ஓய்வு நாளின் மதியத்துக்குச் சரியாக இருக்கும். வயசானவர்களுக்கும் ரைடு இல்லாத ஒரு வேடிக்கை.

மற்ற நாட்களில் எங்கே பசிக்கிறதோ அங்கே சாப்பிடலாம். முன்பதிவு செய்ததில் போக முடியாது என்று தெரிந்தால், கடைசி இரண்டு மணி நேரம் வரை காத்திருக்காமல் முன்னாடியே ரத்து செய்துவிடுங்கள். வேறு ஒரு குடும்பம் அந்த நேரத்தில் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.