மீண்டு வரும் வரியும் வருமானமும்

மிகையாக இறுத்த வரியை அரசு திருப்பிக் கொடுத்தல் முறை. அங்ஙனம் திரும்பிய பணத்தையே வருமானமெனக் கொண்டு அதற்கும் வரி கேட்டல் முறையாகுமா? ஐக்கிய அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் எழும் வினா இது. முதல் நோக்கில் முறையன்றெனத் தோன்றினும், காரணத்தை ஆராய்வார்க்கு விடை அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

அமெரிக்கா சமஷ்டி ஆட்சி நடைபெறும் நாடு. ஆகவே, ஒருவர் தம் வருமானத்தின்மீது இரண்டு அரசுகளுக்கு வரி இறுக்க நேர்கின்றது. அரசியலமைப்பின் பதினாறாந் திருத்தம் 1913 இல் நிறைவேறியபின் சமஷ்டி அரசின் வருமானவரி நிலைபெற்றது. விஸ்கொன்சின் மாநிலமோ 1911 இலேயே வருமானவரியை விதித்துவிட்டது. ரெக்சாஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்கள் தனியாள் வருமானத்திற்கு வரி விதிப்பதில்லை. மாநிலத்திற்கு இறுத்த வரியைச் சமஷ்டி வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கும் உரிமை 1913 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழங்கப்பட்டது.

கழிவு இருவகைப்படும். செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெறுவது வகைவாரிக் கழிவு. கணக்குக் காட்டாது அனைவரும் பெறத்தக்க நிலையான தொகை நியமக் கழிவு. இவற்றுள் ஒன்றையே கொள்ளலாம். மாநில வருமானவரியைக் கழிப்பவர் வகைவாரிக் கழிவை மேற்கொண்டவரே.

ஓராண்டிற் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட மாநில வரி முழுவதையும் ஒருவர் கழித்துக்கொள்கின்றார். அடுத்த ஆண்டில், அதில் ஒரு பகுதி மிகையென மாநிலம் திருப்பித் தருகின்றது. அவர் பெற்ற கழிவு அவ்வளவிற்கு மிகையாயிற்று. பழைய கணக்கைத் திருத்த வேண்டுவதில்லை. பணம் பெற்ற ஆண்டின் வருமானத்தில் அதனைச் சேர்த்தாற் போதும். ஆயின் எவ்வளவைச் சேர்ப்பது? முன்னைக் கழிவால் வரி குறைந்த அளவிற்கு மாத்திரமே என்பது விதி. வரிநயவிதி எனத்தக்க இது, 1942 இற் சட்டத்தில் இடம்பெற்று, இன்று உள்நாட்டு வருமானச் சட்டக்கோவையின் 111 ஆம் பிரிவாக விளங்குகின்றது.

எடுத்துக்காட்டாக, 65 வயதுக்குட்பட்ட மணமாகாத ஒருவர்க்கு 2018 இல் நியமக் கழிவு 12,000 டொலர். அவர் மாநில வருமானவரி உட்பட 15,000 டொலரை வகைவாரியாகக் கழித்தார். 2019 இல் 1,500 டொலர் திரும்பிற்று எனக் கொள்வோம். சரியான வரியையே இறுத்திருந்தால் அவர் கழிவு 13,500 டொலராகும். அதுவும் நியமக் கழிவினும் மிகுதியாதலின் 1,500 டொலரும் வருமானமாம். அவர் கழித்தது 13,000 டொலராயின், எஞ்சுவது 11,500. அந்நிலையில் அவர் 12,000 டொலராகிய நியமக் கழிவையே கொண்டிருப்பார். ஆகவே அவர் பெற்ற நயம் 1,000 டொலரே, சேர்க்கவேண்டியதும் அவ்வளவே. நியமக் கழிவைக் கொண்டவரோ மாநில வரியால் நயம் பெறாமையின் ஒன்றுஞ் சேர்க்க வேண்டியதில்லை.

2018 முதல் 2024 வரை மாநில, உள்ளூர் வரிக் கழிவு பொதுவாக 10,000 டொலருக்கு மேற்படலாகாது என்றிருந்தது. 2025 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாண்டிற்கு அவ்வெல்லையை 40,000 டொலராக உயர்த்தி, பெருவருமானமுடையோர்க்குக் குறைத்தது. 2018 இல் அத்தகைய வரியாக 13,000 டொலர் இறுத்தவர் 10,000 டொலரையே கழித்திருப்பார். பின்னர் 1,500 டொலர் திரும்பினும், இறுத்தது 11,500. கழிவு 10,000 டொலராகவே நிற்கும். ஆதலின் அம்மீளளிப்பு வருமானமாகாது.

இவ்விதியை அறியாமையால் விளையும் நட்டம் சிறிதன்று. மாநிலம் அனுப்பும் 1099-ஜி என்னும் படிவம் திருப்பிக் கொடுத்த தொகையைக் கூறுமேயன்றி, அதில் எவ்வளவு வரிக்குரியது எனக் கூறாது. அதனைக் கண்டு முழுத்தொகையையும் 1040 ஆம் படிவத்தின் முதலாம் அட்டவணையில் எழுதுபவர், இறுக்கவேண்டாத வரியை இறுப்பவராவர். முந்தைய ஆண்டின் அறிக்கையை எடுத்து, எவ்வகைக் கழிவு கொள்ளப்பட்டது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். வகைவாரிக் கழிவாயின், அப்படிவத்தின் அறிவுறுத்தலிலுள்ள கணிப்புத்தாள் வரிக்குரிய தொகையைக் காண உதவும். மீளளிப்போடு வட்டி சேர்ந்துவரின் அது வேறு. வட்டி வருமானமாகவே கொள்ளப்படும். சமஷ்டி வரியின் மீளளிப்போ, அவ்வரி கழிக்கப்படாததாகலின், வருமானமாவதில்லை.

ஆகவே, திரும்பிய பணம் என்பதனாலேயே அது வருமானமாவதில்லை. கையில் வந்தது என்பதனாலும் ஆவதில்லை. முன்னர் நயம் பெற்றவர் அந்நயத்தின் அளவிற்கு ஈடு செய்தல் வேண்டும். நயம் பெறாதவரிடம் அரசு ஒன்றுங் கேட்டலாகாது. இருபாலார்க்கும் பொதுவான இந்நீதியே அவ்விதியின் உயிர்நிலை எனலாம்.