ஒரு மறதிக் கவிதையும் ஒரு மகளின் கடிதமும்

ஆறு மாதத்துக்கு முன்பு, 'எங்கே வைத்தேன்?' என்ற என் கவிதை இந்தப் பத்திரிகையில் வந்தது. ஞாபகமிருக்கிறதா, சகோதரிகளே? இல்லையென்றாலும் பரவாயில்லை. கவிதையே மறதியைப் பற்றியதுதானே!

தலைமேல் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடியை வீடெல்லாம் தேடுவது, ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று விழிப்பது, சின்னவனைக் கூப்பிட வாயெடுத்து வீட்டிலுள்ள எல்லார் பெயரையும் ஏலம் போடுவது என்று நாற்பதைத் தாண்டிய என் அவஸ்தைகளை வேடிக்கையாக எழுதியிருந்தேன். கடைசியில் என் மாமியாரையும் இழுத்துவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், "ஏம்மா, எனக்கு இன்னும் சாப்பாடு போடலையா?" என்று கேட்பார். வயசானால் எல்லாரும் குழந்தைதான் என்று கவிதையை முடித்திருந்தேன்.

பதினைந்து நாளில் ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதங்களை அனுப்பி வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காரைக்குடி வாசகி, டி.வி. ரிமோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். வேலூர்ச் சகோதரி, ரசத்துக்குப் போட்ட உப்பை மறந்து மறுபடியும் போட்டுவிட்டு, "இன்னிக்கு உப்பு ஜாஸ்திதான், பேசாம சாப்பிடுங்க" என்று வீட்டுக்காரரை அதட்டினாராம். படித்துப் படித்துச் சிரித்தேன்.

கட்டின் அடியில் ஓர் இன்லண்ட் லெட்டர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து. பெயரில்லை, 'ஒரு மகள்' என்று மட்டும் கையெழுத்து.

"உங்கள் கவிதையை எல்லாரும் ரசித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் நீங்கள் எழுதியிருப்பது என் அம்மாவை. நாங்களும் வயசுக் கோளாறு என்று இரண்டு வருஷம் சிரித்தோம். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன அம்மா, நாற்பது வருஷம் நடந்த தெருவிலேயே வீடு தெரியாமல் நின்றாள். பிறகுதான் டாக்டரைத் தேடி ஓடினோம். உங்கள் மாமியாரை டாக்டரிடம் காட்டினீர்களா?"

உண்மையைச் சொல்கிறேன். காட்டவில்லை.

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். காலண்டரில் பால் கணக்கு எழுதுவதை அத்தை எப்போது நிறுத்தினார்? கண் அளவிலேயே வத்தக்குழம்பு வைக்கிறவர், புளி கரைத்துவிட்டு அடுத்தது என்ன என்று நின்றது எப்போது? எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நான் அதைக் கவிதையாக்கினேனே தவிர, கவனிக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். அந்த வாரமே அத்தையை நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு பெயர் மறந்துபோய், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக நினைவுக்கு வந்தால் பயப்பட வேண்டாம். சாப்பிட்டதே மனசில் பதியவில்லை, பழகின வேலை செய்யத் தெரியவில்லை, தெரிந்த வழி தப்புகிறது என்றால் பார்த்தே ஆகவேண்டும். இதற்கு டிமென்ஷியா என்று பெயர். வயசான எல்லாருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. இது மூளையைப் பாதிக்கும் நோய். அதில் அதிகம் காணப்படும் வகை அல்ஷைமர். அலாய்ஸ் அல்ஷைமர் என்ற ஜெர்மானிய டாக்டர் 1906-ல் அதை விவரித்தார். அவரிடம் அந்தப் பெண்மணி சிகிச்சைக்கு வந்தபோது வயது 51தானாம்!

மறதிக்கு வேறு காரணங்களும் உண்டு. தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள், பி12 வைட்டமின் குறைவு. இவற்றில் பல சரிசெய்யக் கூடியவை. பி12 பால், தயிர், முட்டை, மீன், மாமிசத்தில்தான் இருக்கிறது. சுத்த சைவக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு வெகுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் அது குறையலாம். (அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது!) அத்தை இரண்டு வகையிலும் சேர்ந்தவர். ரத்தப் பரிசோதனையில் பி12 மிகவும் குறைவு. காதும் மந்தம்.

ஊசி போட்டோம், காது மிஷின் வாங்கினோம். மூன்று மாதத்தில் முகத்தில் பழைய களை கொஞ்சம் திரும்பியது. ஆனால் முழுக்க இல்லை. டிமென்ஷியாவும் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அதை முற்றிலும் குணப்படுத்த மருந்தில்லை. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, காது, கண் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டால் நமக்கு வரும் ஆபத்தையாவது குறைக்கலாம். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழுவும் இதையே சொல்லியிருக்கிறது.

வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது வாசகிகள்தான். கோயமுத்தூரிலிருந்து நர்ஸ் சகோதரி ஒருவர் எழுதினார்: "'நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்' என்று பரீட்சை வைக்காதீர்கள். தெரியாமல் அவர்கள் கூசிப்போவார்கள். நீங்களே பெயரைச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் போங்கள்." இன்னொருவர், விலாசமும் போன் நம்பரும் எழுதிய சீட்டை மாமியாரின் சுருக்குப் பையில் வைத்துத் தைத்துவிட்டாராம். கிழமை வாரியாக மாத்திரை டப்பா, வேலை முடிந்ததும் சிலிண்டரை மூடுவது, பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவது என்று ஆளுக்கொரு யோசனை. பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஓய்வு வேண்டும். நாத்தனார், ஓர்ப்படி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேற்றும் அத்தை கை கழுவிவிட்டு வந்து, "சாப்பாடு போடலையா?" என்றார். முன்பானால், "இப்பத்தானே சாப்பிட்டீங்க!" என்று சிரித்திருப்பேன். இப்போது, "இதோ போடறேன் அத்தை" என்று கிண்ணத்தில் இரண்டு வாய் தயிர்சாதம் பிசைந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

தஞ்சாவூர் மகளே, பதில் போட விலாசம் இல்லாததால் இங்கேயே எழுதுகிறேன். அத்தையை டாக்டரிடம் காட்டிவிட்டேன், அம்மா. உங்கள் தாயாரை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.