கோடையில் முதிய உழவர்களைக் காப்போம்

சித்திரை பிறந்தால் அண்ணாகிராமம் வட்டாரத்தில் வேலைக்குக் குறைவில்லை. மார்கழிப் பட்டத்து மணிலாவைப் பிடுங்கிக் காய் ஆய வேண்டும். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் நட்ட கரும்புக்குச் சோகை உரிக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் கோடை உழவும் உண்டு. பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விட்ட பல வீடுகளில் இந்த வேலைகளைச் செய்பவர்கள் அறுபது வயதைக் கடந்தவர்களே.

வெயில் ஏறியதும் உழவு மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டுகிறோம். எருமையைக் குட்டையில் இறக்குகிறோம். அந்தக் கவனத்தை வீட்டுப் பெரியவர்களிடமும் காட்டுவது அவசியம். 2015 மே மாதத்தில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 2,000 பேருக்கு மேல் வெப்பத்தால் மாண்டனர். முதியோரும் வெயிலில் உழைத்த கூலியாட்களும் அவர்களுள் அதிகம்.

கடலோர வெயில்

வேலூர், திருத்தணியைப் போல நம் பக்கம் வெயில் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கடலோரத்தில் காற்றின் ஈரம் அதிகம். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்று ஈரமாக இருந்தால் வியர்வை உலராமல் வழிந்தோடும், உடற்சூடு தணியாது. இதனால்தான் வானிலைத் துறை சமவெளியில் வெப்ப அலைக்கு 40 டிகிரி செல்சியஸை அளவாகக் கொண்டாலும், கடலோரத்தில் 37 டிகிரியையே அளவாகக் கொள்கிறது. வழக்கமான வெப்பத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும் என்பதும் இதனுடன் சேர்ந்தது.

வளர்ந்த கரும்புத் தோட்டத்தின் உள்ளே நிலைமை இன்னும் மோசம். அங்கே காற்று நுழையாது. பாய்ச்சிய நீர் ஆவியாகிப் புழுங்கும். ஐந்தாம் மாதச் சோகை உரிப்பு பெரும்பாலும் கத்திரி வெயிலில்தான் வருகிறது. இந்த வேலையை முதியவர்களிடம் விடாதிருப்பது நல்லது.

முதிய உடலில் நடப்பது என்ன?

வயது ஏற ஏற வியர்வை குறைகிறது. தோலுக்குக் கூடுதல் இரத்தத்தைச் செலுத்தும் திறனும் இருதயத்திற்குக் குறைகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, தாக உணர்வு மங்கிவிடுகிறது. உடலில் நீர் வற்றிய நிலையிலும் ‘தாகமில்லை’ என்று பெரியவர் சொல்வார். அது அவருடைய பிடிவாதம் அன்று. ஆகவே தாகத்தை நம்பாமல், நேரத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

இரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோரும் நீரிழிவு உள்ளோரும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்களிடமும் விவரம் சொல்லி வைக்கலாம்.

வேலையை மாற்றி அமைத்தல்

1. முதியவர்களின் வயல் வேலை காலை 10 மணிக்குள் முடியட்டும். மீதியை மாலை 4 மணிக்கு மேல் தொடரலாம்.

2. பிடுங்கிய மணிலாக் கொடியை மர நிழலுக்கோ பந்தலுக்கோ கொண்டுவந்து காய் ஆயலாம்.

3. வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரமாகும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் முதல் சில நாட்கள் ஓரிரு மணி நேரம் மட்டும் வேலை செய்யட்டும்.

4. மோட்டார் போடப் போனாலும் தனியாக அனுப்ப வேண்டாம். தனியே போக நேர்ந்தால், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிச் செல்லட்டும்.

5. பூச்சி மருந்து தெளிக்கும் வேலை முதியவர்களுக்கு வேண்டாம். உடலை மூடிக்கொண்டு தெளித்தால் சூடு ஏறும். மூடாமல் தெளித்தால் விஷம் ஏறும்.

என்ன குடிக்கலாம்?

வேலை நேரத்தில் 20 நிமிடத்திற்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். நீராகாரம், கேழ்வரகுக் கூழ், நீர்மோர், இளநீர் யாவும் நல்லவை. மிகவும் வியர்த்துச் சோர்ந்தவர்களுக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் இதை வழக்கமான பானமாகக் கொள்ளக் கூடாது. இருதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன நீரளவை மீறக் கூடாது. சாராயம் உடல் நீரை வற்றச் செய்யும்; அதை அறவே தவிர்க்க வேண்டும்.

சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால் உடலில் நீர் போதவில்லை என்று அறியலாம்.

வீட்டிற்குள்ளும் ஆபத்து

வயலுக்குப் போகாதவர்களுக்கு ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். 2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டில் வெப்பத்தால் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வயோதிகர்கள்; பலர் வீட்டில் தனித்திருந்தவர்கள்.

நம் ஊர்களில் தகரக் கொட்டகையிலும் கல்நார் கூரையின் கீழும் பகலில் இருப்பது அடுப்பருகே இருப்பதற்கு ஒப்பாகும். கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி, நெருப்புப் படாமல் பார்த்துக்கொள்ளலாம். மெத்தை வீடானால் தளத்திற்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். பகலில் பெரியவர்களை வேப்ப மர நிழலிலோ திண்ணையிலோ இருக்கச் செய்யுங்கள். அனல் காற்றில் மின்விசிறி மட்டும் போதாது; ஈரத் துணியால் உடலைத் துடைத்துவிட வேண்டும். தனியாக வாழும் முதியவரை அண்டை வீட்டார் நாளுக்கு இருமுறை எட்டிப் பார்ப்பது பேருதவி.

அறிகுறிகளும் முதலுதவியும்

கெண்டைக்கால் பிடிப்பு, தலைச்சுற்றல், குமட்டல், மிகுந்த களைப்பு ஆகியவை முதல் எச்சரிக்கை. உடனே வேலையை நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து நீர் கொடுக்க வேண்டும்.

பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் பிதற்றினாலோ, தள்ளாடினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்பது சரியன்று, வியர்த்துக்கொண்டிருக்கும்போதும் வரலாம். உயிருக்கு ஆபத்தான நிலை இது. ஒருவர் 108-க்குத் தகவல் சொல்லட்டும். மற்றவர்கள் அதே நேரத்தில் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத் துணி வையுங்கள். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. முதல் அரைமணி நேரத்தில் சூட்டைத் தணித்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது; புரை ஏறும்.

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்திற்கு ரூ.4 லட்சம் நிவாரணத்திற்கு வழி செய்துள்ளது. நிவாரணம் கேட்டு விண்ணப்பிக்கும் நிலை எந்த வீட்டுக்கும் வர வேண்டாம். வரப்பு ஓரத்தில் ஒரு பானைத் தண்ணீரும், பத்து மணிக்கு ‘போதும், வாங்க’ என்று அழைக்க ஓர் ஆளும் இருந்தால் பெரும்பாலான ஆபத்தைத் தவிர்த்துவிடலாம்.