கழிச்சலும் கழுத்துத் திருகலும்

முந்தின நாள் வரை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த சேவல் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கும். தீனி எடுக்காது. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். சில நாட்களில் கூண்டே காலியாகிவிடும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டும் கழுத்து முறுக்கிக்கொண்டு, எதிரில் கிடக்கும் அரிசியைக் கொத்தப் போய்ப் பக்கத்து மண்ணைக் கொத்தும். ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். கால்நடை மருத்துவருக்கு ராணிக்கெட். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸிலிலும் முதலில் அடையாளம் காணப்பட்ட நோய், சீக்கிரமே இமயமலையில் உள்ள ராணிக்கெட் ஊருக்கும் வந்து சேர்ந்தது; இந்தப் பெயர் அங்கிருந்துதான்.

வயிற்றைக் கெடுக்கும் வைரஸ் கழுத்தை ஏன் திருகுகிறது? விடையின் பெரும்பகுதி அதன் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தில் இருக்கிறது. செல்லின் சவ்வோடு ஒன்றிணைந்து உள்ளே போக வைரஸுக்கு 'எஃப்' என்ற புரதம் வேண்டும். ஆனால் அது செயலற்ற நிலையிலேயே உருவாகிறது. குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டினால்தான் வேலை செய்யும். வெட்டும் கத்தரி வைரஸிடம் கிடையாது. கோழியின் நொதிகள்தான் அதையும் செய்து கொடுக்கின்றன.

சாதுவான ரகங்களில் அந்த வெட்டுமிடத்தை டிரிப்சின் போன்ற நொதிகளால் மட்டுமே வெட்ட முடியும். அவை மூச்சுக்குழலிலும் குடலிலும் உண்டு. எனவே வைரஸின் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். கொடிய ரகங்களிலோ அதே இடத்தில் ஆர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். அதை ஃபியூரின் என்ற நொதி வெட்டும். ஃபியூரின் இல்லாத திசு உடம்பில் அநேகமாக இல்லை. மண்ணீரல், ரத்தக்குழாய், மூளை என எல்லாக் கதவும் திறந்துவிடுகிறது. 1998இல் ஆஸ்திரேலியாவில் வெடித்த நோய்க்குக் காரணம் வெளியிலிருந்து வந்த வைரஸ் அல்ல. அந்நாட்டுக் கோழிகளிடம் ஏற்கெனவே இருந்த சாது வைரஸின் மரபணுவில், இந்த வெட்டுமிடத்தில் நேர்ந்த ஓரிரு எழுத்து மாற்றம்தான் அதைக் கொடியதாக்கியது. மொத்த மரபுத்தொகுதியோ ஏறத்தாழ 15,000 எழுத்து!

செத்த கோழியை அறுத்தால் மருத்துவரின் கண் முதலில் போவது அரைவைப்பைக்கு முன்னால் இருக்கும் சுரப்பி இரைப்பைக்குத்தான். உட்சுவரில் ஊசியால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். குடல் நெடுக, நோய் எதிர்ப்புச் செல்கள் குவிந்திருக்கும் திட்டுகளில் வைரஸ் பெருகி, அவற்றை அழித்து ரத்தம் கசியச் செய்கிறது. மூளையில் வேறு காட்சி: நரம்புச் செல்கள் சிதைந்திருக்கும், ரத்தக்குழாய்களைச் சுற்றி வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும். கழிச்சல் நின்ற பிறகும் கழுத்து நேராகாததற்கு அந்தச் சேதம்தான் காரணம்.

இத்தோடு கணக்கு முடியவில்லை. சில ரகங்கள் குடலை அதிகம் தொடாமல் நேரே நரம்பைத் தாக்கும். வெட்டுமிடம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. தன்னை நகலெடுக்க வைரஸ் பயன்படுத்தும் புரதங்களுக்கும் பங்குண்டு. முக்தேஸ்வரில் உருவான ஆர்2பி தடுப்பூசி இதற்குச் சாட்சி. அதிலுள்ள வைரஸின் வெட்டுமிடம் கொடிய ரகத்தினுடையதே, வீரியம் மட்டும் நடுத்தரம். ஆனாலும் குஞ்சு அதைத் தாங்காது. அதனால்தான் முதல் வாரத்தில் லசோட்டா அல்லது எஃப் என்ற சாதுவான வைரஸ் ரகத்தின் சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட்டுவிட்டு, எட்டாவது வாரவாக்கில் இறக்கையடியில் ஆர்2பி போடுகிறார்கள்.

சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கொடுக்கலாம், ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விடுவது வீண். நோய் வந்தபின் வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாமில் தடுப்பூசி இலவசம். மரத்தில் அடையும் கோழியை விடிவதற்குள் பிடிப்பதுதான் பெரும்பாடு. இன்னொன்று, ஊசி போட்ட கோழிக்கும் தொற்று வரலாம். நோயில்லாமலே எச்சத்தில் வைரஸைக் கழிக்கும். ஆகவே அடுத்த வீட்டுக் கோழிக்கும் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்வது நல்லது.